டெல்டா கிராமத்தில் புதிய சபை: கட்டடத்திற்கு முன் எவற்றைப் பேசி முடிக்க வேண்டும்?

வீரசோழன்கரை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் மயிலாடுதுறை மாவட்டத்தில் வீரசோழன் ஆற்றுப் பாசனத்தில் உள்ள சிற்றூர். பத்துப் பன்னிரண்டு கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கிறோம். பெரும்பாலோர் காலனித் தெருவில், இரண்டு குடும்பங்கள் கடைத்தெருப் பக்கம். ஞாயிறு காலையில் என் வீட்டு முன்கூடத்தில் ஜெபம் நடக்கிறது. நாங்கள் பெயரளவில் சேர்ந்திருக்கும் பழைய ஆலயத்திற்குப் போக இரண்டு பேருந்து மாற வேண்டும். நடவும் களையெடுப்பும் மும்முரமாக இருக்கும் நாட்களில் ஞாயிறு என்றும் பாராமல் வேலைக்கு அழைப்பு வருவதால், விடியற்காலையில் அரைமணி நேரம் ஜெபித்துவிட்டு வயலுக்குப் போகும் பெண்கள்தாம் எங்களில் அதிகம். அந்தப் பழைய ஆலயத்தின் போதகரான ஐயரின் பொறுப்பில் பல கிளைச் சபைகள் இருப்பதால் அவர் எங்கள் பக்கம் வருவது அரிது. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது எங்களில் ஒருவர் ஐந்து சென்ட் மனையைச் சபைக்குத் தர முன்வந்திருக்கிறார். பக்கத்து நகரத்திலிருந்து வரும் ஒரு பாஸ்டர், மனையைத் தம் பெயரில் எழுதிக் கொடுத்தால் தை அறுவடை முடிந்தவுடன் தகரக் கொட்டகை போட்டுத் தொடங்கிவிடலாம் என்கிறார். பழைய சபையின் கிளையாகவே நீடிப்பதா, தனிச் சபையாக நிற்பதா, எழுத்து வேலையை எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பொறையாறு ஓய்வாசிரியர்:

தம்பி, மனையை யார் பெயருக்கும் எழுதிவிடாதீர்கள். அந்தச் சட்டப் பக்கத்தை வழக்கறிஞர்கள் சொல்லட்டும். நான் லுத்தரன் சபையில் பிறந்து வளர்ந்தவன். தரங்கம்பாடிக்குப் பக்கத்திலேயே வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் வேறு ஒன்றைச் சொல்கிறேன்.

1706 ஜூலை 9 அன்று ஜெர்மானிய லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அடுத்த ஆண்டிலேயே சிறு ஆலயம் ஒன்று எழுந்துவிட்டது. புதிய ஏற்பாடு 1715க்குள் தமிழில் அச்சாகிவிட்டது. இன்று நாம் பார்க்கும் புதிய எருசலேம் ஆலயம் 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஆனால், அந்தச் சபைக்குத் தமிழர் ஒருவர் போதகராக 1733 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடலூரிலிருந்து வந்த ஆரோன்தான் அவர். கட்டடமும் நூலும் விரைவாக வந்துவிட்ட இடத்தில், தன் ஊர்க்காரன் கையில் திருவிருந்தின் அப்பமும் ரசமும் வர இருபத்தேழு ஆண்டுகள் ஆயின.

அதைவிட மனத்தை உறுத்துவது ராஜநாயக்கனின் கதை. தஞ்சை மன்னரின் படையில் இருந்தவர். அச்சான வேதத்தைப் படித்து இந்தச் சபைக்கு வந்து, தஞ்சைச் சீமையில் உபதேசியாராக, அதாவது போதகருக்குக் கீழ் வேதம் கற்பிப்பவராக, உழைத்தவர். அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கப்படவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் கையிலிருந்து திருவிருந்து பெற மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்ற அச்சமே அதற்குக் காரணமாக இருந்தது. தஞ்சாவூர்ச் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கை என்ற வழக்கம் அடுத்த நூற்றாண்டிலும் நீடித்தது. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை உடனே, முற்றிலும் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது எத்தனையோ குடும்பங்கள் சபையை விட்டே வெளியேறின. கீர்த்தனைகளால் நம் நாவில் இன்றும் வாழ்கிற தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் அந்த விவாதத்தில் வழக்கத்தின் பக்கமே நின்றார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆகையால் உங்களிடம் ஒரு கேள்வி. கடைத்தெருவிலிருந்து வரும் அந்த இரண்டு குடும்பங்களும் காலனித் தெருவிற்குள் வந்து உங்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே பாத்திரத்திலிருந்து திருவிருந்து பெறுவார்களா? ஆலயம் எந்தத் தெருவில் எழும் என்பதிலேயே இதற்கு விடை வந்துவிடும்.

கடைமடை விவசாயி:

நான் இந்து. இந்த விவாதத்தில் நான் பேசலாமா என்று தெரியவில்லை. இருந்தாலும் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு குரல் உங்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

நீங்கள் வீட்டுக்குள் ஜெபித்தவரை எங்கள் ஊரில் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. பிணக்கு ஏற்படுவது மூன்று இடங்களில். முதலாவது ஒலிபெருக்கி. அதிகாலை ஐந்து மணிக்கு மாரியம்மன் கோயில் குழாயும் அலறுகிறது என்று நீங்கள் சொல்வீர்கள். அதுவும் உண்மைதான், இரண்டையும் நான் பொறுத்துக்கொள்வதில்லை. இரண்டாவது, தீராத நோயெல்லாம் தீரும் என்று போடும் பதாகைகள். 2004 சுனாமிக்குப் பின் நாகைக் கடற்கரை ஊர்களில் நிவாரணப் பொருளோடு துண்டுப் பிரசுரமும் கைக்கு வந்ததாகச் சொல்லும் மனவருத்தம் இன்றும் பலருக்கு உண்டு. யாரோ செய்ததற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சந்தேகம் உங்கள் வாசலில்தான் வந்து நிற்கும்.

மூன்றாவதை யாரும் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். காலனிக் குடும்பம் ஒன்று சபையில் சேர்ந்தால், ஊர்த் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் தப்படிப்பதை விட்டுவிடுகிறது. ஊரில் சிலருக்குக் கோபம் வருவது சிலுவையைப் பார்த்து அன்று. அந்த வேலைக்கு இனி ஆள் யார் என்பதால்தான். அந்தக் கோபம் நியாயமானது என்று நான் சொல்லவில்லை. அது இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள் என்கிறேன்.

இளம் ஊழியர், திருத்துறைப்பூண்டி:

ஐயா அவர்கள் மூன்றாவதாகச் சொன்னதற்கு நன்றி. இதை ஊர்க்காரர் ஒருவர் எழுதிப் பார்ப்பது எனக்கு இதுவே முதல்முறை. பண்ணையில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தவர்களுக்கு, 'நான் இதைச் செய்ய மாட்டேன்' என்று சொல்லத் துணிவு வந்த இடங்களில் செங்கொடிச் சங்கமும் ஒன்று, ஜெப வீடும் ஒன்று.

தொடக்கத்தில் கேட்ட சகோதரருக்கு: தனிச் சபை என்றாலே கெட்டது என்று பெரியவர்கள் பேசுவதை ஏற்க முடியவில்லை. எங்கள் ஜெபக்கூடத்தில் எழுதப் படிக்கத் தெரியாத அக்காமார் எழுந்து நின்று சாட்சி சொல்கிறார்கள், விண்ணப்பம் ஏறெடுக்கிறார்கள். பழைய ஆலயத்தில் அவர்களுக்கு இருந்தது பெருக்கும் வேலையும் அறுப்பின் பண்டிகைக்குப் பரங்கிக்காய் சுமக்கும் வேலையும்தான். போதகர் மாதம் ஒருமுறை வருவார் என்பதற்காக, மற்ற ஞாயிறுகளில் ஊர் மக்கள் அனாதையாக இருக்க முடியாது. தகரக் கொட்டகை போதும், தொடங்குங்கள்.

நீடாமங்கலம் சகோதரி:

தம்பி சொல்லும் சாட்சி நேரத்தில் எழுந்து நின்ற அக்காமாரில் நானும் ஒருத்தியாக இருந்தவள். எங்கள் பகுதியில் அப்படித் தகரக் கொட்டகையில் தொடங்கிய ஒரு சபையில் பல ஆண்டுகள் இருந்தேன். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை.

நாற்று நட்டு வந்த கூலியில் தசமபாகம் தனியே எடுத்து, முந்தானையில் முடிந்து கொண்டு போய்க் கொடுத்தோம். கஜா புயலில் கொட்டகைத் தகரம் பறந்தபோது மகளிர் குழுவில் கடன் வாங்கி மறுபடி மேய்ந்தோம். பிறகு சிமெண்டுக் கட்டடமும் வந்தது. பாஸ்டரின் மகனுக்குத் திருமணம் ஆனதும் கட்டடத்தை விற்றுவிட்டு நகரத்தில் பெரிய இடம் பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். அப்போதுதான் எங்களில் ஒருத்தி பத்திரத்தைக் கேட்டாள். அறக்கட்டளை ஒன்று பதிவாகியிருந்தது. அதில் அறங்காவலர்கள் பாஸ்டர், அவர் மனைவி, அவர் மகன். சட்டப்படி எங்களுக்குக் கேட்க ஒன்றுமில்லை என்றார்கள். கேட்டவளுக்குச் சாபம் வரும் என்று அடுத்த ஞாயிறு பிரசங்கம்.

சகோதரரே, உங்கள் பாஸ்டர் நல்லவராக இருக்கலாம். எங்களவரும் தொடக்கத்தில் நல்லவராகத்தான் இருந்தார். வரவு செலவை யார் எழுதுவார், எத்தனை மாதத்திற்கு ஒருமுறை வாசிப்பார், காணிக்கைப் பெட்டியைத் திறக்கும்போது எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை முடிவு செய்யாமல் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள்.

கும்பகோணம் வழக்கறிஞர்:

சகோதரி எழுதியது நீதிமன்றத்தில் நான் அடிக்கடி பார்க்கும் கதை. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஐந்து சென்ட். டெல்டாவில் வீடு ஒருவருடையதாக இருக்கும், அதன் அடிமனை கோயிலுடையதாகவோ மடத்துடையதாகவோ இருக்கும். தருமபுரம், திருவாவடுதுறை ஆதீனங்களுக்கும் நூற்றுக்கணக்கான கோயில்களுக்கும் உரிய மனையில்தான் உங்கள் மாவட்டத்தின் பல தெருக்கள் நிற்கின்றன. தலைமுறைகளாக அடிமனை வாடகை கட்டி வருபவருக்கு அது தம் சொந்த மனை என்ற எண்ணமே வந்திருக்கும். வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்து ஏமாறாமல், பட்டாவையும், நிலம் யாருடையது, எந்த வகை என்று காட்டும் அ-பதிவேட்டையும் கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். கோயில் நிலம் என்றால் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவின்படி அறநிலையத் துறையின் அனுமதியின்றிப் பத்திரம் பதிவாகாது, பதிவானாலும் நிற்காது. வாய்க்கால் புறம்போக்கின் ஓரமாக இருந்தால் அளந்து பார்க்காமல் கடைக்கால் தோண்ட வேண்டாம்.

மனை தெளிவாக இருந்தால், பாஸ்டரின் பெயருக்கு எழுதாமல் ஓர் அமைப்பின் பெயருக்குத் தான செட்டில்மெண்டாக எழுதுங்கள். அறக்கட்டளை எளிது, ஆனால் பத்திரத்தில் எழுதிய அறங்காவலர்களே எல்லாம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ச் சங்கமாகப் பதிந்தால் குறைந்தது ஏழு உறுப்பினர் வேண்டும். ஆண்டுப் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். சுமைதான், ஆனால் அந்தச் சுமைதான் உங்கள் காப்பு. அந்த ஏழு பேரில் ஒரே குடும்பத்தார் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது, சங்கம் கலைந்தால் சொத்து எந்தச் சபைக்குப் போகும் என்ற இரண்டையும் விதிகளில் எழுதிவிடுங்கள்.

அடுத்து அனுமதி. ஊராட்சிப் பகுதியில் பொது வழிபாட்டுக்கான கட்டடம் எழுப்ப மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். வீடு என்று அனுமதி வாங்கிச் சிலுவை வைப்பது பலரும் செய்கிற தந்திரம். பக்கத்து வீட்டுக்காரரின் ஒரு மனுவில் முத்திரை வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி தனி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிக்கக் கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. இது கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் பொருந்தும் விதிதான்.

வெளிநாட்டில் வேலை செய்யும் உறவினரின் நண்பர்கள் பணம் அனுப்புவதாகச் சொன்னால் கைநீட்டி வாங்கிவிடாதீர்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. அந்தப் பதிவுக்கே அமைப்பு குறைந்தது 3 ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும். பதிவு கிடைத்த பின்னும் புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கின் வழியாகத்தான் பணம் வர வேண்டும்.

வீரசோழன்கரை:

மிக்க நன்றி ஐயா. அடிமனை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. மனை தர வந்தவரிடம் கேட்டேன், அவர் அப்பா காலத்தில் தேவஸ்தான ரசீது இருந்ததாக நினைவு என்கிறார். பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆசிரியர் ஐயாவின் கேள்விக்கு நேரான பதில்: கடைத்தெருக் குடும்பங்களில் ஒன்று வரும், மற்றொன்று, ஆலயம் மெயின் ரோட்டில் இருந்தால் வருவோம் என்கிறது. பாஸ்டர், அவர்களிடம் கொடுக்கும் வசதி இருப்பதால் ரோட்டோரம் இடம் பார்க்கலாம் என்று இப்போது பேசத் தொடங்கியிருக்கிறார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சாதிச் சான்றிதழ் பற்றி எங்கள் பிள்ளைகள் மிகவும் பயப்படுகிறார்கள்.

கும்பகோணம் வழக்கறிஞர்:

அந்தப் பயத்திற்குக் காரணம் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்திற்கு மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். எனவே, ஞானஸ்நானம் பெற்றவரின் பிள்ளைக்குக் கல்லூரி இடம், தனித்தொகுதியில் ஊராட்சித் தேர்தலில் நிற்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு ஆகிய எல்லாவற்றிலும் மாற்றம் ஏற்படும். இதை முன்கூட்டியே குடும்பத்தை உட்கார வைத்துச் சொல்லாத போதகர் தம் கடமையில் தவறுகிறார் என்பேன்.

இளம் ஊழியர், திருத்துறைப்பூண்டி:

நடைமுறையில் எல்லோரும் சபைப் பதிவேட்டில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று வைத்துக்கொள்கிறார்கள். மனச்சாட்சிக்கு இது நெருடல்தான். ஆனால், இறையியல் பேசி அந்தப் பிள்ளையின் மருத்துவப் படிப்பைப் பறிக்கும் துணிவு எனக்கு இல்லை. ஞானஸ்நானம் பெறாமலே ஆண்டுக்கணக்காக ஞாயிறு தவறாமல் வருபவர்களை நான் உறுப்பினரைப் போலவே நடத்துகிறேன்.

பொறையாறு ஓய்வாசிரியர்:

அப்படியானால் பொதுக்குழுவில் அவர்களுக்கு வாக்கு உண்டா? கணக்குக் கேட்கும் உரிமை உண்டா? உறுப்பினரைப் போல நடத்துவது வேறு, உறுப்பினராக வைப்பது வேறு. நீடாமங்கலம் சகோதரிக்கு நடந்தது அந்த இடைவெளியில்தான்.

ரோட்டோர யோசனையைப் பற்றி: வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த ஒரு குடும்பத்தின் காணிக்கைக்காக ஆலயத்தைத் தெருவிலிருந்து தூக்கிக்கொண்டு போனால், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ராஜநாயக்கனுக்குச் சொன்ன பதிலையே நீங்களும் சொல்கிறீர்கள்.

பங்குப் பேரவை உறுப்பினர், தஞ்சாவூர்:

நான் கத்தோலிக்கன், எங்களிடம் கோயிலைத் தனியார் தொடங்குவது என்பதே கிடையாது, பங்கு எனப்படும் வட்டாரச் சபையை ஆயர்தான் ஏற்படுத்துவார். ஆகவே பெரும்பாலான விஷயங்களில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு காரியங்கள் மட்டும்.

திருமணத்தை யார் நடத்தி வைப்பார்? 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி எல்லாப் பாஸ்டர்களும் திருமணம் செய்து வைத்துச் சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. ஆயர் ஆளுகையுள்ள சபையில் முறையாகக் குருப்பட்டம் பெற்றவராகவோ அந்தச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். உரிமம் இல்லாதவர் கொடுத்த காகிதத்தைக் கடவுச்சீட்டு அலுவலகத்தில் நீட்டும்போதுதான் பெண் வீட்டார் விழிக்கிறார்கள்.

மற்றது கல்லறை. டெல்டாவில் நெல் வயலுக்கு நடுவே பிணம் தூக்கிச் செல்லப் பாதை இல்லாமல் வரப்பில் வழுக்கி விழும் ஊர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஊர்ச் சுடுகாட்டில் இடம் தருவார்களா, காலனியின் சுடுகாட்டில் சிலுவை நட விடுவார்களா, ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் நிற்கும்போது எங்கே புதைப்பீர்கள்? முதல் சாவு விழும் அன்று இதைப் பேச முடியாது.

கடைமடை விவசாயி:

இதைத்தான் சொல்ல வந்தேன். அனுமதி மனுவை ஆட்சியரிடம் கொடுக்கும் முன்னால், ஊராட்சித் தலைவரையும் நாட்டாண்மைக்காரர்களையும் நேரில் பார்த்துச் சுடுகாட்டுப் பாதையைப் பற்றி முதலில் பேசுங்கள். அது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உள்ள தேவை இல்லை. காலனி முழுவதற்கும் உள்ள தேவை. ஊரே சேர்ந்து கேட்க வேண்டிய ஒன்றை நீங்கள் கேட்பதாக அமையும். எங்கள் ஊரில் அப்படி ஒரு பாதைக்காக எல்லோரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டோம்.

வீரசோழன்கரை:

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு ஜெபம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். பெண்கள்தாம் அதிகம் பேசினார்கள். அடிமனை ரசீது கிடைத்துவிட்டது. அது கோயில் மனைதான். ஆகவே தானப் பத்திரம் என்ற பேச்சு இப்போதைக்கு முடிந்தது. தகரக் கொட்டகையும் இல்லை. என் வீட்டு முன்கூடத்திலேயே தொடர்கிறோம், ஒலிபெருக்கி இல்லாமல்.

பாஸ்டரிடம் சங்கமாகப் பதியும் யோசனையைச் சொன்னோம். 'விசுவாசிகள் மேய்ப்பனிடம் கணக்குக் கேட்பது வேதத்தில் இல்லை' என்றார். எருசலேம் ஆலயத்தின் பழுதுபார்ப்புப் பணத்திற்குக் காணிக்கைப் பெட்டி வைத்து, ராஜாவின் கணக்கனும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணியது இரண்டாம் இராஜாக்கள் பன்னிரண்டாம் அதிகாரத்தில் இருப்பதை என் தங்கை எடுத்து வாசித்தாள். அவர் அடுத்த வாரம் வருவாரா என்று தெரியவில்லை. வந்தால் ஏழு பேரில் ஒருவராக இருக்கட்டும் என்று முடிவு.

பழைய சபையின் ஐயருக்கும் கடிதம் எழுதியிருக்கிறோம்: திருவிருந்துக்கும் திருமணத்திற்கும் நாங்கள் உங்கள் கிளையாகவே இருக்கிறோம், ஆனால் வாரந்தோறும் ஆராதனையை எங்களில் ஒருவரே நடத்த, எங்கள் அக்காமாரில் இருவருக்கு உபதேசியார் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று. வழக்கறிஞர் ஐயா, சங்க விதிகளின் மாதிரி ஒன்று தர முடியுமா?

கும்பகோணம் வழக்கறிஞர்:

தருகிறேன். ஒரு திருத்தம்: பழைய சபையின் கிளையாகவே நீடிப்பதென்றால், சொத்து வாங்கும் வரை தனிச் சங்கம் தேவையில்லை, அவர்களுடைய அமைப்பு விதிகளின்கீழ்ச் சபைக் கமிட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் பெயரில் இருவர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு திறந்தால் போதும். அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஐயரின் பதில் வந்ததும் எழுதுங்கள்.

நீடாமங்கலம் சகோதரி:

வங்கிக் கணக்குக்கு முன்னால் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். இந்த ஞாயிற்றுக் காணிக்கையிலிருந்தே எழுதத் தொடங்கலாம்.